காந்தத்தில் ஒட்டியவை

மாங்குளம் சந்தியிலிருந்து ஒட்டுசுட்டான் பக்கம்
மூன்றாவது மைல். மரக்காலைக்குப் பின்வளவு.
இரைச்சல் கேட்டால் நான் இருக்கிறேன்,
கேட்காவிட்டால் கரண்ட் இல்லை.

மெசின் வந்த கிழமை
வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து
யோகமலர் கேட்டாள்: கோழித்தீனா?
சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத குச்சிகள்,
தவிட்டு நிறம், சூடு ஆறினால் மினுங்கும்.
அவளுடைய சேவலும் அப்படித்தான் நினைத்தது.
இரண்டு கொத்துக் கொத்தி
என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனது.

எரித்துக் காட்டினேன்.
பேணி அடுப்பு, அடியில் துளை,
ஒன்றரைச் சிரட்டை குச்சி.
கேத்தல் மூடி ஆடத் தொடங்கியது.
புகையைக் காணாமல்
நூர்ந்துவிட்டதாக்கும் என்று குனிந்தவள்
முன்மயிரைக் கருக்கிக்கொண்டாள்.
அன்றைக்கு ஒரு பை கடன்.
இன்றைக்கும் கடன்தான், மாதம் இரண்டு பை.

விறகுக்குக் காட்டுக்குள் போகத் தேவையில்லை என்று
நான் யாருக்கும் சொல்லி விற்பதில்லை.
மண்டையோட்டுப் பலகை நட்டிருந்த இடங்கள்
என்னைவிட அவர்களுக்குத் தெரியும்.
யானை மறிக்கும் பாதையும்
வன இலாகா மறிக்கும் பாதையும்
எதில் தண்டம் கூட என்பதும்.
நான் சொல்வது ஈரத்தைப் பற்றி மட்டும்.
பச்சைப் பாலைக் கட்டையில் பாதி தண்ணீர்.
அந்தத் தண்ணீரைக் காய்ச்சி முடித்துவிட்டுத்தான்
நெருப்பு உன் சோற்றுப் பானைக்கு வரும்.
இதில் நூற்றுக்குப் பத்தும் இல்லை.
நனைந்தால் மாவாய்க் கரைந்துபோகும்,
அதையும் சொல்லித்தான் விற்கிறேன்.

நோர்வேயிலிருந்து தம்பி செந்தூரன்
படம் அனுப்பியிருந்தான்:
கண்ணாடிக் கதவு போட்ட அடுப்பு,
குச்சி தானாய் விழுமாம், இருபத்தொரு டிகிரி என்றால்
இருபத்தொன்றிலேயே நிற்குமாம்.
"உங்களுக்கு ஏன் அக்கா, அங்கே என்ன பனியா கொட்டுது?"

அந்த மார்கழிதான் புயல்.
மூன்று இரவு மழையும் காற்றும் விடவேயில்லை.
வெளியில் மாடுகள் நின்ற நிலையிலேயே விறைத்துச் சரிந்தன.
சவரிமுத்தரின் பட்டியில்
விறகு ஊறிப்போய்ப் புகைந்ததே தவிர எரியவில்லை.
பதினொரு பை.
உழவு மெசின் பெட்டியில், தறப்பாளுக்குக் கீழே,
நடுச்சாமத்தில் கொண்டுபோனோம்.
பாதியாய் வெட்டிய தார்ப் பீப்பா இரண்டு.
கன்றுகளை நடுவில் விட்டு
விடியும்வரை அள்ளி அள்ளிப் போட்டோம்.
இருபத்தாறில் பத்தொன்பது எழும்பின.
மிச்சத்தைப் பற்றி அவர் கதைக்கவில்லை.
பைக் காசை எண்ணித் தந்தார்,
நான் வேண்டாம் என்றேன், பிறகு வாங்கினேன்.

தம்பிக்கு இதை இன்னும் எழுதவில்லை.

இன்னொன்றும் எழுதவில்லை.
தூள் விழும் வாய்க்கு மேலே ஒரு காந்தம் பூட்டியிருக்கிறேன்.
மெசின் விற்றவன், ஆணி வரும், கவனம் என்றான்.
ஆணி குறைவு.
முதிரை, வீரை, வேம்பு,
இந்தப் பக்கத்து மரங்கள்
உள்ளே போனதை மூடி வளர்ந்துவிட்டவை.
வாள் பல்லு முறிகிற சத்தம் கேட்டால்
புஸ்பராசா அண்ணை ஏசமாட்டார்,
நிற்பாட்டிவிட்டு பீடி பற்றவைப்பார்.
அதற்குப் பிறகு வரும் தூளில்
அரிசிக்கல் அளவில், சில நேரம் கடுகளவில்,
செல் துண்டு.

பின்னேரம் காந்தத்தைச் சீலைத்துண்டால் துடைத்து
பால்மாப் பேணியில் போடுகிறேன்.
சாம்பல், ஒரு பைக்கு ஒரு பிடி,
யோகமலர் தன் கத்தரிக்குக் கொண்டுபோகிறாள்.
பேணியைப் பழைய இரும்புக்காரன் கேட்டான்,
தூக்கிப் பார்த்து விலையும் சொன்னான்.
இன்னும் நிறையவில்லை என்றேன்.